ஒரே அறையில் பல மட்டங்கள்: புதிதாகத் தொடக்கப்பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கு

இடைநிலை ஆசிரியராகப் பணி நியமன ஆணை வாங்கிக்கொண்டு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 பிள்ளைகள், 5 வகுப்புகள், தலைமையாசிரியரோடு சேர்த்து 2 ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர் என்பதுதான் கணக்கு. அதனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய. தலைமையாசிரியர் 1 முதல் 3 வரை பார்த்துக்கொண்டால் 4-ஆம், 5-ஆம் வகுப்புகள் உங்களுக்கு வரும். அந்த அறையில் ஒரு பிள்ளை செய்தித்தாளைக் கடகடவென்று வாசிக்கும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொன்றுக்கு ‘கெ’யும் ‘கே’யும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டின் கையிலும் இருப்பது ஒரே பாடப்புத்தகம்.

இந்த நிலையில் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து நடத்திக்கொண்டே போனால் பாடம் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. நான் சொல்ல வருவது இதுதான்: பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். இன்று நிற்கும் இடம் அந்தப் பிள்ளையின் பெயராக ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

இது கூடுதல் நேரமும் மனசும் இருப்பவர்கள் செய்யும் சேவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்றுக்கொடுப்பதை ஆசிரியரின் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத நம் மாநிலத்தில் இந்தக் கடமைக்கு எடை இன்னும் அதிகம். நிறுத்திவைக்காமல் மேலே அனுப்புவது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் கூடவே கைபிடித்துத் தூக்கிவிடவும் வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை, எட்டாம் வகுப்பிலும் வாசிக்கத் தெரியாமலேயே இருக்கும்.

முதல் வாரம்: ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுங்கள்

முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். மற்றவர்களுக்குப் படம் வரையவோ கதைப்புத்தகம் புரட்டவோ கொடுத்துவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் போதும்.

ஒரே ஒரு தாளில் நான்கு படிகள் எழுதிக்கொள்ளுங்கள்: தனி எழுத்துகள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், நான்கு வரிப் பத்தி, பத்து வரிக் கதை. கணக்குக்கு இன்னொரு தாள்: 1 முதல் 9 வரை எண்கள், ஈரிலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். பிரதம் என்ற தன்னார்வக் கல்வி அமைப்பின் ‘அசர்’ ஆய்வில் நாடு முழுவதும் கிராமத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே பார்த்துச் சோதிப்பதும் ஏறத்தாழ இதே படிகளைக் கொண்டுதான். பத்தியிலிருந்து தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதைக்குப் போங்கள், திக்கினால் சொல்லுக்கு இறங்குங்கள். பிள்ளை தப்பாக வாசிக்கும்போது திருத்த வேண்டாம், முகத்தையும் மாற்ற வேண்டாம். “சரி, அடுத்தது?” என்று மட்டும் கேளுங்கள்.

மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதிவையுங்கள். ‘கொடி’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ‘கெடி’ என்று வாசிக்கும். முன்னால் நிற்கும் கொம்பை அது பார்த்துவிட்டது, பின்னால் நிற்கும் காலைப் பார்க்கவில்லை. இன்னொரு பிள்ளை ‘கோடி’ என்று வாசிக்கும். அதற்குக் குறியெல்லாம் தெரியும், குறில் நெடில்தான் பிடிபடவில்லை. மூன்றாவது பிள்ளை ‘க... டி’ என்று நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அகர வரிசை தாண்டி எதுவும் மனதில் நிற்கவில்லை என்று அர்த்தம். விடைத்தாளில் மூன்று பேருக்கும் ஒரே பெருக்கல் குறிதான். ஆனால் மூன்று பேருக்கும் நாளைக்குச் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. உகர வரிசையும் இப்படித்தான். ஆகார, இகர வரிசைகளில் பெரும்பாலும் ஒரே குறி எல்லா எழுத்தோடும் ஒட்டிக்கொள்ளும். கு, சு, டு, து, மு என்று வரும்போது எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. அதைத் தனியாக நேரம் ஒதுக்கித்தான் பழக்க வேண்டும்.

கணக்கிலும் விடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி, 2-இலிருந்து 7 போகாது என்றதும் அதைத் திருப்பிப்போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறாள். இன்னொருவன் ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழித்துவிட்டு, கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டான். விடை ஒன்றுதான், கோளாறு வேறு. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே புரியவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கவைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும், அடித்து எழுதும் பழக்கம் மட்டும் வந்தால் போதும். அதனால் “எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கட்டாயம் கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. 53-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் முதல் பிள்ளை 34 என்றும் இரண்டாவது பிள்ளை 36 என்றும் எழுதும், தானாகப் பிரிந்துவிடும். சோதனைக்குக் கணக்கு தேர்ந்தெடுக்கும்போது இப்படி யோசித்து எண்களைப் போடுவது நல்லது.

எண்களைச் சொல்லி எழுதச் சொன்னால் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் நிறையப் பேர் தடுமாறுவார்கள். ஒன்றில் ‘நூறு’ காதில் விழுகிறது, மற்றதில் ‘ஆயிரம்’ காதில் விழுகிறது. அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

குழு பிரிப்பது

பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அரும்பு தொடக்க நிலை, மலர் அந்த வகுப்புக்கு உரிய நிலை. பயிற்சி நூல்களும் ஆசிரியர் கையேடும் இந்தப் பிரிவை வைத்தே வரும். நீங்கள் புதிதாகப் பெயர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் பிரியுங்கள். தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருப்பது சாதாரணம். அப்பா கடையில் சில்லறை வாங்கிப் பழகிய பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் மனக்கணக்காகவே வரும், அதை எழுதத்தான் வராது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே குழு என்று வைத்துவிட்டால் அந்தத் திறமை கண்ணிலேயே படாது.

குழுக்களை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கலைத்து அடுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் குழு பிரித்ததே வீண். ஜூன் மாதம் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஜனவரியிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தால், அதற்கு நாம் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள். அரும்புக் குழுவைக் கடைசி வரிசையில் வைக்காதீர்கள். உங்கள் கை எட்டும் தூரத்தில் அவர்கள் இருக்கட்டும். ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் கேட்டு அலுவலகத்திலிருந்து வரும், எழுதிக் கொடுங்கள். ஆனால் அதைச் சுவரில் ஒட்டாதீர்கள், பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டாம்.

ஒரு பாடவேளையை எப்படி நடத்துவது

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மூன்று குழுவுக்கும் மூன்று பாடம் நடத்த முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. பொருள் ஒன்று, வேலை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

40 நிமிடத்தில் வாரச்சந்தை பற்றி ஒரு பாடம் என்று வையுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக: சந்தையில் என்ன பார்த்தீர்கள், யார் விற்றார்கள், பேரம் பேசினீர்களா? வாயால் பேசுவதில் அரும்பும் மலரும் ஒன்றுதான். சில நேரம் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைதான் சந்தையைப் பற்றி அதிகம் சொல்லும். சொல்லவிடுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள்: தக்காளி, தராசு, கூடை, சாக்கு, கொய்யா.

அடுத்த இருபது நிமிடம் குழு வேலை. மலர்க் குழு, சந்தைக்குப் போய்வந்ததைப் பத்து வரியில் எழுதட்டும், அல்லது 500 ரூபாய்க்குள் ஒரு வீட்டுக்கு வேண்டிய காய்கறிப் பட்டியல் போட்டு மீதி கணக்கிடட்டும். மொட்டுக் குழு, கரும்பலகைச் சொற்களைக் கொண்டு சிறு வாக்கியங்கள் எழுதட்டும். இந்த இரண்டு குழுவுக்கும் வேலையை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, நேராக அரும்புக் குழுவோடு தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அதே சொற்களை அட்டையில் எழுதி, எழுத்து எழுத்தாக வெட்டிப் போட்டு, சேர்த்து வாசிக்க வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி எல்லோரும் ஒன்றாக. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் தாங்கள் செய்ததைக் காட்டட்டும். அரும்புக் குழுப் பிள்ளை ஐந்தே சொல்லை வாசித்தாலும் அதற்கும் அதே கைதட்டல்.

நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டு குழுவும் உங்களைத் தேடி வராமல் வேலை செய்யப் பழகுவதற்கு ஒரு மாதமாவது பிடிக்கும். அதுவரை சத்தம் இருக்கத்தான் செய்யும். “முடிச்சிட்டேன் டீச்சர்” என்று ஓடிவரும் பிள்ளைக்கு, அடுத்து எடுக்க வேண்டிய வேலை அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று முன்பே காட்டிவையுங்கள். பாதிக் கூச்சல் அதில் குறைந்துவிடும்.

அரும்பில் இருக்கும் பெரிய பிள்ளைகள்

நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்து தெரியாத பிள்ளைகளிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பையனுக்கு ‘அணில்’ படம் காட்டி ‘அ’ சொல்லித்தந்தால் அவனுக்குக் கூசும். தம்பி தங்கைகள் பார்த்துச் சிரிப்பார்கள். அவனுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எழுத்தை எடுங்கள்: ஊருக்கு வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, சினிமா சுவரொட்டி, பிடித்த கிரிக்கெட் வீரர் பெயர், அவனுடைய சொந்தப் பெயர்.

247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்று காத்திருக்கவும் வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம் என்று வாசிக்கலாம். முதல் நாளே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை மறுநாள் தானாக வந்து உட்காரும். பிறகு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு எழுத்து, அந்த எழுத்து வரும் சொற்கள், நேற்றையதை ஒருமுறை திரும்பப் பார்ப்பது. தினமும் அரைமணி நேரம், ஒரு நாளும் விடாமல். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் குறைதீர் கற்பித்தல் என்று நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

விட்டு விட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதையே செய்யுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போகும் பெற்றோருடன் சென்று திரும்பும் பிள்ளை, வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் இதற்கு நல்ல வழி இருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற முறையைப் பார்த்து வந்த அதில், பாடங்கள் சிறு சிறு அட்டைகளாக ஏணிப்படிபோல் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்ட அட்டையிலிருந்து தொடரும். இன்று அந்த அட்டைகள் உங்கள் பள்ளிப் பீரோவில் இருந்தால் தூசு தட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

முந்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள்

அறையில் இரண்டு மூன்று பேர் எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அவர்களை எப்போதும் குட்டி ஆசிரியராக மாற்றி மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைப்பது எளிய வழி. வாரத்துக்கு ஓரிரு முறை என்றால் இரு பக்கமும் பலன் உண்டு. தினமும் அதையே செய்தால் அந்தப் பிள்ளைகள் தாங்கள் கற்க வேண்டியதை இழக்கிறார்கள். அதே கணக்கை இன்னும் இருபது போடு என்பதும் தண்டனைதான். விடையைக் கொடுத்துக் கேள்வியை உருவாக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர் ஏரியின் கதையை எழுதிவரச் சொல்லுங்கள்.

மட்டம் குறைவு என்று எழுதும் முன்

சில பிள்ளைகள் பின்தங்குவதற்குக் காரணம் படிப்பில் இருக்காது. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா? பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறதா? பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துவைத்துக் காட்டுங்கள். கண்ணாடி போட்ட ஒரு மாதத்தில் மொட்டிலிருந்து மலருக்குப் போகும் பிள்ளைகள் உண்டு.

மொழியும் இப்படித்தான். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளிலிருந்து, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து, நீலகிரியில் பழங்குடி ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பிள்ளை தமிழில்தான் தொடக்க நிலை, அறிவில் இல்லை. அதன் மொழியில் பத்துச் சொல்லையாவது நீங்கள் கற்றுக்கொண்டு வகுப்பில் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

அப்புறம், வாயால் கேட்டால் எல்லாம் சொல்லும், ஆனால் எவ்வளவு பழக்கியும் வாசிப்பும் எழுத்தும் மட்டும் ஒட்டாத பிள்ளை. ஒன்றாம் வகுப்பில் எண்ணைத் திருப்பி எழுதுவது பல பிள்ளைகளிடமும் இருக்கும், வளர வளரப் போய்விடும். மூன்று, நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். நீங்களாக ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்புக் குறைபாடு) என்று முடிவுகட்டிப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாக மருத்துவச் சான்று பெற்றால், பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. பத்தாம் வகுப்பில் அவசரமாக அலைவதைவிட இப்போதே தொடங்குவது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

ஏற்கெனவே அடையாள அட்டை உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளுக்கு மட்டும் அந்தப் பிள்ளையின் படிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். அவர் வரும்போது, அடுத்த முறை அவர் வரும்வரை நீங்கள் தினமும் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டுக் காட்டுவதும் விடைதான். எழுத முடியாத பிள்ளை வாயால் சொன்னாலும் விடைதான்.

பெற்றோரிடம் பேசுவது

“இவனுக்கு மண்டையில எதுவும் ஏற மாட்டேங்குது டீச்சர், நாலு அடி போடுங்க” என்று அம்மா சொல்வார், பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம். அவன் நோட்டை எடுத்து, ஜூன் மாதம் எழுதிய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். “பாருங்கம்மா, அப்ப ரெண்டெழுத்துச் சொல்லே வராது, இப்ப வாக்கியம் எழுதறான்.” அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் செய்யச் சொல்வதாக இருந்தால் சிறியதாகச் சொல்லுங்கள்: தினமும் ஐந்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

பதிவேடு

பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்ற வேண்டியதை ஏற்றுங்கள், அது தனி. உங்களுக்கென்று ஒரு நூறு பக்க நோட்டு வையுங்கள், பிள்ளைக்கு இரண்டு பக்கம். தேதி போட்டு ஒரு வரி: ‘கொம்பு கால் இரண்டும் பார்த்து வாசிக்கிறாள்.’ ‘7-ஆம் வாய்ப்பாட்டில் 7×8-இல் நிற்கிறான்.’ ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள் பற்றி எழுதினால் இரண்டு வாரத்துக்குள்ளேயே எல்லோரும் வந்துவிடுவார்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிப் பார்வைக்கு வரும்போதும் இந்த நோட்டையே காட்டிப் பேசுங்கள், பேச்சு பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும்.

ஏப்ரலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள்: எதில் நிற்கிறது, எப்படிச் சொன்னால் புரிகிறது, எதற்குப் பயப்படுகிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் வேலை செய்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பக்கங்களை ஜூன் மாதத்துக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பக்கங்களை, அவர்கள் சேரப்போகும் நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.